வழியை மறைக்காத செய்தி

இலக்கியத்தைத் திறனாய்வது போலவே தொலைக்காட்சியையும் திறனாய வேண்டிய காலத்தில் நாம் வாழ்கின்றோம். நூலை ஆராய மாணவர்க்கு இலக்கணமும் உரைமரபும் கற்பிக்கின்றோம். திரையை ஆராய எதனைக் கற்பிக்கின்றோம்? இவ்வினாவுக்கு விடை தேடுவார்க்கு, பிரிட்டனின் பி.பி.சி. நிறுவனம் நடத்திவரும் ‘பனோரமா’ என்னும் நடப்பு விவகார நிகழ்ச்சியின் வரலாறு நல்லதொரு பாடநூலாகும்.

1953ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் தொடங்கிய இந்நிகழ்ச்சி, முதலில் இரு வாரங்களுக்கு ஒருமுறையே ஒளிபரப்பாயிற்று. 1955 செப்டம்பரில் வார நிகழ்ச்சியாகப் புத்துருப் பெற்றது; ரிச்சர்டு டிம்பிள்பி அதன் படைப்பாளரானார். 1945இல் பெல்சன் வதைமுகாமின் கொடுமைகளை வானொலி வழி உலகுக்கு உரைத்தவர் அவர். 1953இல் இரண்டாம் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவை வருணித்தவரும் அவரே. அக்குரலைக் கேட்டோர் அதனை ஐயுறவில்லை. நிகழ்ச்சியின் முதற்பெருஞ்செல்வம் அந்நம்பிக்கையே எனலாம்.

அந்நம்பிக்கையின் ஆழத்தை 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் காட்டிற்று. சுவிட்சர்லாந்தின் தென்பகுதியில் ஒரு குடும்பத்தார் மரங்களிலிருந்து ஸ்பகெட்டியைப் பறித்து வெயிலில் உலர்த்துவதாக மூன்று நிமிடப் படமொன்று காட்டப்பட்டது. டிம்பிள்பி சற்றும் சிரிக்காமல் அதற்கு விளக்கவுரை தந்தார். ஸ்பகெட்டி, நம் மீயைப் போன்று மாவினால் செய்யப்படும் இத்தாலிய உணவு. அந்நாளில் ஆங்கிலேயர் பலர்க்கு அது பழக்கமற்றது. ஆதலின், அம்மரத்தை வளர்ப்பது எப்படி எனச் சிலர் தொலைபேசியில் வினவினர். ஸ்பகெட்டி மரத்தில் காய்க்கும் என்றாலும் நம்பும் மூடர்கள் நீங்கள் என்று, தம் பள்ளி நாளில் ஆசிரியர் ஒருவர் வகுப்பைக் கேலி செய்ததே இப்படத்துக்கு வித்தாயிற்று என்பர் ஒளிப்பதிவாளர் சார்ல்ஸ் டி யேகர். நம்பியவர் மூடர் அல்லர் என்பது என் கருத்து. சொன்னவர் யார் என்று பார்த்தவர், எவ்வாறு அறிந்தார் என்று கேட்க மறந்தனர், அவ்வளவே.

விளையாட்டாக வெளிப்பட்ட இவ்வுண்மை, 1995இல் வினையாக விளைந்தது. அவ்வாண்டு நவம்பர் 20ஆம் நாள் இளவரசி டயானாவுடன் மார்ட்டின் பஷீர் நடத்திய நேர்காணலைப் பிரிட்டனில் ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் பேர் கண்டனர். இளவரசியை அணுகும் பொருட்டு, போலியாக உருவாக்கிய வங்கிக் கணக்கு அறிக்கைகளைப் பஷீர் அவருடைய தமையனாரல்லாத இளைய உடன்பிறப்பாகிய ஸ்பென்சரிடம் காட்டியிருந்தார். 1996இல் பி.பி.சி. தானே நடத்திய விசாரணை அவரை நேர்மையானவர் என்று விடுத்தது. ஓய்வுபெற்ற நீதிபதி டைசன் பிரபுவின் அறிக்கை 2021 மே மாதம் வெளிவந்த பின்னரே, பஷீர் வஞ்சகமாக நடந்துகொண்டார் என்பதும், நிறுவனம் தன் நேர்மை நெறியினின்றும் வழுவியது என்பதும் நிலைநாட்டப்பட்டன. அறிக்கை வெளிவந்த அதே இரவில் பனோரமாவே இக்குற்றத்தை ஆராயும் நிகழ்ச்சியை ஒளிபரப்பியது பாராட்டத்தக்கது. எனினும், அதற்கு இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. இளவரசியோ 1997இலேயே மறைந்துவிட்டார்.

இதனோடு 2011ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்றை ஒப்பிட வேண்டும். பிரிஸ்டல் நகர்க்கு அருகிலிருந்த ‘வின்டர்போர்ன் வியூ’ என்னும் தனியார் மருத்துவமனையில், கற்றல் குறைபாடுடைய நோயாளிகள் துன்புறுத்தப்பட்டனர். அங்குப் பணியாற்றிய மூத்த தாதி ஒருவரின் முறையீடு செவிசாய்க்கப்படவில்லை. பனோரமா செய்தியாளர் ஒருவர் பராமரிப்புப் பணியாளராகச் சேர்ந்து, மறைகாமிராவில் கொடுமைகளைப் பதிவு செய்தார். மருத்துவமனை மூடப்பட்டது, 2012இல் பதினொருவர் தண்டனை பெற்றனர்.

இரண்டிலும் வஞ்சம் உண்டன்றோ எனச் சிலர் வினவலாம். உண்டு, ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. பின்னதில், வேறு வழியால் வெளிவராத கொடுமையைக் காட்டவே உருமறைப்பு மேற்கொள்ளப்பட்டது. அதனைக் கையாண்ட வகையும் பார்வையாளர்க்குத் திரையிலேயே அறிவிக்கப்பட்டது. முன்னதில், வஞ்சிக்கப்பட்டவர் குற்றமற்றவர். வஞ்சித்த வகையோ பார்வையாளரிடமிருந்து மறைக்கப்பட்டது. வாய்மை அதிகாரத்தைக் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும்.

2024 அக்டோபரில் ஒளிபரப்பான நிகழ்ச்சியையும் இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம். அமெரிக்காவின் டோனல்டு டிரம்ப் 2021 சனவரி 6ஆம் நாள் ஆற்றிய உரையில், ஏறத்தாழ ஐம்பது நிமிட இடைவெளியில் பேசிய இரு பகுதிகள் ஒரே தொடராக ஒட்டப்பட்டிருந்தன. சொற்கள் அவருடையவையே, தொடர் அவருடையதன்று. இது வெளிப்பட்டபோது, 2025 நவம்பரில் பி.பி.சி. தலைமை இயக்குநரும் செய்திப் பிரிவுத் தலைவரும் பதவி விலகினர். செய்யுளொன்றின் முதலடியையும் கடையடியையும் இணைத்து மாணவன் பொருளுரைத்தால், இடையடிகள் எங்கே என்று கேட்க மாட்டோமா? வெட்டிய இடத்தைக் காட்டியிருந்தால் அது சுருக்கம். காட்டாமையால் அது திரிபாயிற்று.

ஆகவே, ஒரு நிகழ்ச்சியின் தரத்தை அதன் புகழாலும் வயதாலும் அளத்தல் தகாது. செய்தி கிடைத்த வழியை அது மறைக்கின்றதா, காட்டுகின்றதா என்பதே அளவுகோல். ஊடகமெல்லாம் பொய் என்று மாணவர்க்குச் சொல்வதும் தவறு. வின்டர்போர்ன் நோயாளிகளைக் காத்ததும் ஊடகமே. எல்லாவற்றையும் நம்புவோனும் எதனையும் நம்பாதோனும் ஆராயாமையில் ஒத்தவரே.

ஆசிரியர்கள் ஒன்று செய்யலாம். வாரத்தில் ஒரு பாடவேளையில் செய்தித் துணுக்கொன்றைக் காட்டி, மூன்று வினாக்களைக் கேட்கச் செய்க: இதனைச் சொல்வோர் எவ்வாறு அறிந்தனர்? எதனை வெட்டினர்? தவறு நேர்ந்தால் யாரிடம் ஒப்புவர்? இவ்வினாக்களைப் பழகிய மாணவன் நாளை செய்தியாளனாயினும், பார்வையாளனாயினும், தன் கடமையை உணர்ந்தவனாயிருப்பான்.