ரேடியேட்டருக்கு மின்விசிறி

என்ஜின் கொதிக்கிறது என்று பழைய வண்டியைக் கோயமுத்தூரில் எந்தப் பட்டறைக்குக் கொண்டுபோனாலும், பெரும்பாலும் கேட்கக் கிடைக்கும் யோசனை, இருக்கிற விசிறியைக் கழற்றி எறிந்துவிட்டு மின்விசிறி மாட்டிவிடலாம் என்பதே. யோசனை தவறானதன்று, ஆனால் எந்த வண்டிக்கு, எந்தப் பாதைக்கு என்று கேளாமல் எல்லோருக்கும் ஒரே மருந்தாக அது வழங்கப்படுவதுதான் என் ஆட்சேபம்.

அம்பாசடரிலும் பழைய ஜீப்பிலும் விசிறியைப் பெல்ட் மூலமாக என்ஜினே சுழற்றுகிறது. சில லெக்ஸஸ் கார்கள், ஜீப் கிராண்ட் செரோக்கியின் சில வி-8 வகைகள் முதலியவற்றில், பம்பு அழுத்தித் தள்ளும் எண்ணெய் ஒரு சிறு மோட்டாரைச் சுழற்ற, அது விசிறியைச் சுழற்றுகிறது. இந்த ஹைட்ராலிக் ஏற்பாட்டின் பெருமை அதன் பலம். தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே, சில குதிரைசக்தி அளவு வேலையை அதனால் வாங்க முடியும். 12 வோல்ட்டில் 30 ஆம்பியர் இழுக்கும் மின்விசிறியோ 360 வாட்தான், அதாவது அரைக் குதிரைசக்திக்கும் குறைவு. எனினும் குழாய் கசிந்து, உதிரிபாகம் கிடைக்காமல் நிற்கும்போது, அந்தப் பலத்தை நினைத்துச் சந்தோஷப்பட உரிமையாளருக்கு மனம் வருமா? கிராண்ட் செரோக்கியில் ஸ்டீயரிங்குக்கும் விசிறிக்கும் எண்ணெய் ஒரே பம்பிலிருந்து வருவதால், விசிறியை நீக்குபவர் எண்ணெய்ப் பாதையைச் சரிவர இணைத்துவிடாவிட்டால் ஸ்டீயரிங்கும் சேர்ந்து கெடும்.

மின்விசிறியின் அனுகூலம் காந்திபுரம் சிக்னலில் பிரத்தியட்சமாகத் தெரியும். பெல்ட் விசிறி என்ஜினோடு சேர்ந்து சோம்பிச் சுழலும் அவ்விடத்தில் மின்விசிறி முழு வேகத்தில் காற்றை இழுக்கிறது. சேலம் நெடுஞ்சாலையில் எதிர்க்காற்றே போதுமாதலால் அது ஓய்வெடுக்கிறது; பெல்ட் விசிறியோ, வேகம் இரட்டித்தால் எட்டு மடங்கு சக்தி கேட்கும் என்ற யந்திர நியதிப்படி, வீணாக எரிபொருள் செலவை ஏற்றுகிறது. ஆனால் மேட்டுப்பாளையம் தாண்டிக் குன்னூர் மலைப்பாதையில், சுமையேற்றிய ஜீப் இரண்டாவது கியரில் பர்லியாறு ஏற்றத்தை மூச்சிரைக்க ஏறும்போது நிலைமை தலைகீழாகிறது: வண்டி மெல்ல ஊர்வதால் எதிர்க்காற்று இல்லை, என்ஜினோ வேகமாகச் சுழல்கிறது, அதனோடு பெல்ட் விசிறியும் உக்கிரமாகச் சுழன்று கைகொடுக்கிறது. மின்விசிறிக்கு அந்த உக்கிரம் வராது. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளை ஏறுகிறவர்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை.

மின்சாரக் கணக்கையும் பார்க்கவேண்டும்: பழைய அம்பாசடரின் டைனமோ கொடுப்பது சுமார் 22 ஆம்பியர்தான். ஹெட்லைட்டும் வைப்பரும் இயங்கும் மழை இரவில் மின்விசிறியும் பங்கு கேட்டால் பேட்டரி வடிந்துபோவது நிச்சயம். ஆகவே ஆல்டர்னேட்டர் இல்லாத வண்டியில் இந்த வேலையைத் தொடவே கூடாது. ரிலேயும் பியூஸும் இல்லாமல் மெல்லிய வயரை நேராகச் சுவிட்சுக்கு இழுப்பதும், விசிறியைச் சுற்றிக் கூடு அமைக்காமல் ரேடியேட்டரோடு கட்டிவைப்பதும் வேலையே அல்ல. முன்னது வயரைக் கருக்கும், பின்னது விசிறிக்கு நேரெதிரான பகுதியைத் தவிர மற்ற இடத்தைச் சூடாகவே விட்டுவிடும்.

எல்லாவற்றிலும் என்னை வருத்துவது வேறொன்று. கொங்கு நாட்டு ஆழ்துளைக் கிணறுகளின் உப்புத் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றி வந்த ரேடியேட்டரின் மேல்தொட்டியைக் கழற்றிப் பார்த்தால், குழாய்களின் வாயில் வெள்ளைக் காறை படிந்து, ஈர்க்குச்சி நுழையவும் இடமின்றி அடைத்திருக்கும். தண்ணீரே ஓடாத குழாய்களை எந்த விசிறி குளிர்விக்கும்? நோய் குழாயில் இருக்க, வைத்தியம் விசிறிக்கு நடக்கிறது.

என் தீர்ப்பு இது: நகரத்திலும் சமவெளியிலும் ஓடும் காருக்கு, ஆல்டர்னேட்டரும் கூடும் ரிலேயும் இருக்குமானால், மின்விசிறி நன்மையே, மலையேறும் சுமை வண்டிக்குப் பெல்ட் விசிறியே இருக்கட்டும், ஹைட்ராலிக் விசிறியைப் பழுதுபார்க்க வழியே இல்லை என்றான பிறகுதான் மாற்ற வேண்டும். எதுவானாலும், விசிறிக்குப் பணம் கொடுக்குமுன் ரேடியேட்டரைத் திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அதன்பின் உப்புத் தண்ணீரை விட்டுவிட்டுக் கூலன்ட் ஊற்றுங்கள்.