தூரிகை யார் கையில்?

லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கில் துஹங்கா வாஷ் என்றொரு வெள்ள வடிகால் உண்டு. ஒருகாலத்தில் மணற்படுகையோடு ஓடிய ஓடை அது. 1930களின் வெள்ளங்களுக்குப் பிறகு அந்த நகரின் ஆறுகளையும் ஓடைகளையும் அமெரிக்க இராணுவத்தின் பொறியியல் பிரிவு கான்கிரீட் வாய்க்கால்களாக்கியது. துஹங்காவும் அதில் தப்பவில்லை. கோடையில் வறண்டு கிடக்கும் அந்த வடிகாலின் சுவரில் இன்று 2,754 அடி நீளத்துக்குக் கலிபோர்னியாவின் வரலாறு தீட்டப்பட்டிருக்கிறது. தீட்டியவர்கள் நானூற்றுக்கும் மேற்பட்ட இளைஞர்கள். அவர்களை நடத்திச் சென்றவர் மெக்சிக வம்சாவளி ஓவியர் ஜூடி பாகா. அந்தக் கான்கிரீட்டை நிலத்தின் தழும்பு என்றும், தன் ஓவியத்தை அந்தத் தழும்பின்மேல் குத்திய பச்சை என்றும் அவர் சொல்வதுண்டு.

பள்ளிகளோடும் ஊர்மக்களோடும் சேர்ந்து ஓவியர்கள் செய்யும் ‘பங்கேற்புக் கலை’ கடந்த ஐம்பது ஆண்டுகளில் தனித்துறையாகவே வளர்ந்துவிட்டது. அதற்கென்று நிதி, அருங்காட்சியகப் பிரிவு, பல்கலைக்கழகப் பாடம் எல்லாம் வந்துவிட்டன. பங்கேற்பு என்ற பெயரில் நடப்பவை எல்லாம் ஒரே தரத்தவை என்று கொள்ள முடியாது. முடிவெடுக்கும் அதிகாரத்தில் எவ்வளவு பங்கு கைமாறியது என்பதை வைத்தே இந்தக் கலையை அளக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

பாகாவின் ‘லாஸ் ஏஞ்சலிஸின் பெருஞ்சுவர்’ இதற்கு நல்ல உரைகல். 1976 கோடையில் எண்பது இளைஞர்களோடு வேலை தொடங்கியது. அவர்களில் பலர் சிறார் நீதிமன்றத்தின் வழியாக அனுப்பப்பட்டவர்கள். ஒருவர் தெருவுக்குள் மற்றவர் கால்வைக்க முடியாத பகைக் கும்பல்களைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். கோடைக்கால வேலைத் திட்டத்தின் கீழ் அவர்களுக்குக் கூலி கொடுக்கப்பட்டது. இந்தச் செய்தியைப் பலர் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்கிறார்கள். கூலி வாங்குகிறவன் உதவிக்கு வந்த பிள்ளை இல்லை, வேலையாள். அவன் வேலைக்கு மதிப்பு உண்டு, அவன் சொல்லுக்கும் உண்டு. 1983 வரை ஐந்து கோடைகள் இப்படி வேலை நடந்தது. வரலாற்று ஆய்வாளர்களோடு உட்கார்ந்தும், ஊர்ப் பெரியவர்களின் நினைவுகளைக் கேட்டும் எதை வரைவது என்று தீர்மானித்தார்கள். அதனால்தான் பாடநூல்கள் அப்போது தொடத் தயங்கியவை சுவரில் ஏறின: இருப்புப்பாதை போட்ட சீனத் தொழிலாளர்கள், 1930களில் நாடுகடத்தப்பட்ட மெக்சிகர்கள், இரண்டாம் உலகப்போரில் முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் கோடையில் சுவரைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சில ஓவியர்களிடம் கொடுத்தார்கள். ஒவ்வொரு குழுவும் தன் பாணியில் வரைந்தது. பிறகு முழுச் சுவரும் ஒரே மூச்சாக ஓட வேண்டும் என்று பாகா வடிவமைப்பைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார். பிந்தைய பகுதிகளில் ஒரு காட்சி அடுத்த காட்சிக்குள் ஆறு போலப் புகுந்து செல்வது அதற்குப் பிறகுதான். எல்லாரும் சமமாகத் தூரிகை பிடித்தால் போதும், கலை தானே வந்துவிடும் என்பவர்களுக்கு இந்தச் சுவரே மறுமொழி. எதைச் சொல்வது என்பதில் எல்லாருக்கும் பங்கு இருந்தது. எப்படிச் சொல்வது என்பதில் தேர்ந்த கை ஒன்று பொறுப்பேற்றது.

அமெரிக்காவின் மறுகரையில், நியூயார்க்கின் சவுத் பிராங்க்ஸில், டிம் ராலின்ஸ் எதிர்த்திசையிலிருந்து அதே இடத்துக்கு வந்தார். 1980களின் தொடக்கத்தில் அவர் அங்கே ஓர் அரசுப் பள்ளியில் கலை ஆசிரியர். படிப்பில் பின்தங்கியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளே அவரிடம் வந்தார்கள். யாராவது ஒருவர் புத்தகத்தை உரக்க வாசிப்பார், மற்றவர்கள் கேட்டபடியே வரைவார்கள். பின்னர் அந்தப் புத்தகத்தின் பக்கங்களையே கித்தானில் வரிசையாக ஒட்டி, அவற்றின்மேல் ஓவியம் தீட்டினார்கள். காஃப்காவின் ‘அமெரிக்கா’ நாவலின் இறுதியில், யார் வந்தாலும் வேலை உண்டு என்று அழைக்கும் நாடகக் குழுவொன்று வருகிறது. வாசலில் தேவதை வேடமிட்ட பெண்கள் எக்காளம் ஊதுகிறார்கள். உன் விடுதலைக்கு ஓர் எக்காளம் இருந்தால் அது எப்படி இருக்கும் என்பதே பிள்ளைகளுக்கு வைக்கப்பட்ட கேள்வி. விலங்கு போல, எலும்பு போல, எழுத்துப் போல ஆளுக்கொரு பொன்னிற எக்காளம் அச்சிட்ட பக்கங்களின்மேல் பின்னிப் படர்ந்தது. வாசிக்கத் தெரியாதவர்கள் என்று பெயரெடுத்தவர்கள் காஃப்காவுக்குக் கொடுத்த விளக்கவுரை அது.

ராலின்ஸ் கையெழுத்தில் பிள்ளைகளையும் சேர்த்தார். ‘டிம் ராலின்ஸும் கே.ஓ.எஸ்.ஸும்’ என்ற பெயரிலேயே படைப்புகள் 1987இல் டாக்குமென்டா கலைக்காட்சிக்கும் 1988இல் வெனிஸ் கலைக்காட்சிக்கும் போயின. பிழைத்து நிற்கும் பிள்ளைகள் என்பது அந்த மூன்றெழுத்தின் பொருள். ஆனாலும் முதலில் வரும் பெயர் ஆசிரியருடையதுதானே, புகழ் யாருக்குச் சேர்ந்தது என்ற குற்றச்சாட்டும் எழாமல் இல்லை. அந்தக் கேள்வி நியாயமானது. 2017இல் ராலின்ஸ் இறந்த பிறகும் பழைய மாணவர்கள் ‘ஸ்டுடியோ கே.ஓ.எஸ்.’ என்று தாங்களே பட்டறையைத் தொடர்வதை நான் அதற்குக் கிடைத்த வலுவான விடையாகப் பார்க்கிறேன்.

ஒளிப்படக் கலைஞர் வெண்டி எவால்ட் கையிலிருந்த கேமராவையே பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார். 1970களின் நடுவில் கென்டக்கி மாநிலத்தின் நிலக்கரி மலைப்பகுதிப் பள்ளிகளில் தொடங்கிய அவருடைய வேலை, பின்னர் குஜராத்தின் விச்சியா கிராமம் வரை வந்தது. வெளியார் கேமரா கென்டக்கி மலைகளில் வறுமையை மட்டும் பார்த்துப் பழகியிருந்தது. பிள்ளைகள் எடுத்ததோ தங்கள் குடும்பத்தையும் தங்கள் கனவுகளையும்.

லண்டனில் கலைஞரும் திரைப்பட இயக்குநருமான ஸ்டீவ் மெக்வீன் செய்தது வேறு வகை. 2019இல் டேட் பிரிட்டன் அரங்கின் சுவர்களில் 3,128 வகுப்புப் படங்கள், அவற்றில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் 76,146 பேர். தன் முகத்தைத் தேடி ஒரு குழந்தை அந்த அரங்குக்குள் நுழையும்போது அரங்கு யாருடையது என்பது ஒரு நாளாவது மாறுகிறது. அதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் பிள்ளைகள் அங்கே எடுத்த முடிவு எப்படிச் சிரிப்பது என்பது மட்டும்தான். அது நகரத்தின் உருவப்படம். பங்கேற்பு என்று அழைப்பது பொருந்தாது.

இந்தியாவில் இத்துறையின் மிக நுட்பமான வேலை சத்தீஸ்கரின் பஸ்தாரில் நடந்தது. மும்பை ஓவியர் நவ்ஜோத் அல்தாஃப் 1990களின் பிற்பகுதி முதல் கொண்டகாவில் ஆதிவாசிக் கலைஞர்களான ஜெய்தேவ் பாகேல், சாந்திபாய், ராஜ்குமார் கோர்ராம் ஆகியோரோடு சேர்ந்து பணியாற்றினார். அடிபம்பைச் சுற்றி அவர்கள் கட்டிய ‘நல்பார்’ பார்ப்பதற்குச் சிற்பம். குடத்தை இடுப்புக்கும் தலைக்கும் ஏற்றுமுன் இறக்கி வைக்க மேடை, சிந்தும் நீர் தேங்காமல் வடிய வழி, பெண்கள் நின்று பேச இடம் என்று எல்லாம் அதில் அடக்கம். குடம் சுமக்கிறவளின் அறிவு அங்கே வடிவமாகியிருக்கிறது.

இங்கேதான் விமர்சகர்களின் பழைய சண்டை எனக்குப் பொருளற்றுத் தோன்றுகிறது. நல்லெண்ணத்தைப் பார்த்து மதிப்பெண் போட்டுக் கலைத்தரத்தைக் கைவிடுகிறோம் என்று கிளேர் பிஷப் 2006இல் எச்சரித்தார். உரையாடலே இங்கே கலை என்று வாதிட்டவர் கிராண்ட் கெஸ்டர். நல்பாரில் இரண்டையும் பிரிக்க முடியாது. யாரைக் கேட்டார்கள் என்பதே அந்த மேடையின் உயரத்தைத் தீர்மானித்திருக்கிறது.

நம் பக்கத்தில் ஒளிப்படக் கலைஞர் பழனிகுமார் இருக்கிறார். மதுரை ஜவஹர்லால்புரத்தில் மீன் விற்ற தாயின் மகன். ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். வடசென்னை உட்பட, உழைக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒளிப்படம் கற்றுக்கொடுத்து வருகிறார். வடசென்னை என்றால் ரவுடியும் புகையும் என்று சினிமா பழக்கியிருக்க, அந்தப் பிள்ளைகளின் கேமரா தாயின் வேலையைப் பார்க்கிறது.

தமிழ்நாட்டுப் பள்ளிச் சுவர்களில் வண்ணத்துக்குக் குறைவில்லை. வகுப்பறைகள் ரயில் பெட்டிகளாகின்றன, தலைவர்களும் விலங்குகளும் வரிசையாக நிற்கிறார்கள். பெரும்பாலும் வண்ணம் வாங்கிய பிறகுதான் பிள்ளைகளை அழைக்கிறோம், அதுவும் கோட்டுக்குள் நிரப்ப. இதை மாற்ற வேண்டியவர்கள் தலைமை ஆசிரியர்களும் ஓவியர்களும் நிதி தரும் நிறுவனங்களும். அடுத்த சுவருக்கான முதல் கூட்டத்துக்கே பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். உள்ளூர் இளைஞர் வேலை செய்தால் கூலி கொடுங்கள். சுவரின் மூலையில் நிறுவனத்தின் சின்னத்தைவிடப் பெரிய எழுத்தில் வரைந்தவர்களின் பெயர்களை எழுதுங்கள்.