ரசத்தின் கடைசி மடக்கு

மிளகு ரசத்தைச் சோற்றில் பிசைவது ஒரு சுகம். டம்ளரில் ஊற்றி ஊதி ஊதிக் குடிப்பது அதைவிடச் சுகம். கடைசி மடக்கில் மண்டிய மிளகுப் பொடி அடித்தொண்டையில் சுருக்கென்று உறைக்கும். நினைக்கும் முன்பே விழுங்கியிருப்போம். அங்குள்ள நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்றொரு புரதம், அயனிகள் புகும் நுண்வாயில். ஏறத்தாழ 43 டிகிரி சூடும் அதைத் திறக்கும், மிளகின் பைப்பரினும் திறக்கும். கால்சியமும் சோடியமும் உள்ளே பாய, சேதி மூளைத்தண்டுக்கு ஓடி விழுங்கும் அனிச்சையைக் கிளப்புகிறது. மிளகாயின் காப்சைசினைக் கொண்டு இந்த வாயிலைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். விழுங்கத் திணறும் நோயாளிகளிடம் இவ்விரு காரப் பொருள்களையும் மருத்துவர்கள் சோதித்திருக்கிறார்கள். அதற்காக நீங்களே அவர்களுக்கு ரசம் புகட்டிவிடாதீர்கள். நீர்த்த பானம்தான் எளிதில் புரையேறும்.