ஆழமற்ற கடலும் நம் கடல் இலக்கியமும்

தமிழ் இலக்கியத்திற்குக் கடல் புதிய பொருளன்று. ஐந்திணையுள் ஒன்றாகிய நெய்தல், கழியையும் கானலையும் கண்முன் நிறுத்துகிறது. சுறா வேட்டைக்குச் செல்லும் பரதவரையும், உணங்கும் மீனைப் பறவைகள் கவராமல் காத்திருக்கும் மகளிரையும் நமக்கு அறிமுகம் செய்கிறது. ஆனால், இக்காலப் புனைகதைகளுக்கு வரும்போது ஒரு வினா எழுகிறது. நம் எழுத்தாளர்கள் கடல் என்று எழுதும்போது எந்தக் கடலை எண்ணி எழுதுகிறார்கள்?

பெரும்பாலும் அது ஆழ்கடலே. 1952-இல் வெளிவந்த ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' உலகெங்கும் பரவிய பின், தனி மனிதன் ஒருவன் பெருமீனோடு பொருதுவதே மீனவ வாழ்வின் இலக்கணம் என்றாயிற்று. சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் தமிழருக்குக் கிடைத்த தகழியின் 'செம்மீன்', சுறாவிலும் சுழலிலும் முடிகிறது. ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' (2004), நடுக்கடலில் உயிருக்குப் போராடும் மனிதரைக் காட்டி நம்மைக் கதைக்குள் இழுக்கிறது. இவை யாவும் பெருமைக்குரிய படைப்புகள். எனினும் இவற்றையே படித்துப் பழகிய நாம், புயலும் பெருமீனும் மரணமும் இல்லாத இடத்தில் மீனவனுக்குக் கதையே இல்லை என்று எண்ணத் தலைப்படுகிறோம். இந்த எண்ணம் எத்துணைப் பிழையானது என்பதைப் பாக் விரிகுடா நமக்குக் காட்டும்.

கோடியக்கரையிலிருந்து இராமேசுவரம் வரை தமிழகக் கரையும், எதிரே யாழ்ப்பாணம், மன்னார்க் கரைகளும் சூழ்ந்த கடல் இது. இதன் பெரும்பகுதியில் ஆழம் 15 மீட்டரைக்கூடத் தாண்டுவதில்லை. கதிரொளி அடிமட்டம் வரை இறங்கும் இடங்களில் கடற்புல் வயல்போல் விரிந்து கிடக்கிறது. இறாலும் நண்டும் ஓரா மீனும் அங்கே வளர்கின்றன. ஆவுளியா எனப்படும் கடற்பசு மேய்வதும் இப்புல்லைத்தான். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பை 2022-இல் தமிழக அரசு கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது.

இத்தகைய கடலில் சிறு படகில் செல்பவருக்கு வேண்டுவது வீரத்தைக் காட்டிலும் அறிவே. எங்கே புல், எங்கே சேறு, எங்கே பார் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். கரையில் தெரியும் கோயில் கோபுரத்தையும் தனிப்பனையையும் ஒரு நேர்க்கோட்டில் வைத்துப் பார்த்து, நேற்று வலை விட்ட இடத்தை இன்று கண்டுகொள்ள வேண்டும். வாடையில் கலங்கும் நீர் எப்போது தெளியும், நீவாடு எப்பக்கம் இழுக்கும் என்பதைக் கணிக்க வேண்டும். மாலையில் நண்டு வலையைத் தரையோடு விரித்துவிட்டு விடியலில் எடுப்பவர், வலைக்கண்ணில் சிக்கிய ஒவ்வொரு நண்டையும் கால் ஒடியாமல் விடுவிக்கும் பொறுமையும் பெற்றிருக்க வேண்டும். கால் ஒடிந்தால் விலையும் குறையும்.

சென்னை மாகாண மீன்வளத் துறைக்குத் தலைமை ஏற்றிருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி 1920-இல் எழுதிய ஆய்வில், இவ்விரிகுடாவின் வத்தைகளைத் தனியே கவனித்து எழுதினார். படகின் குறுக்கே வைத்த நீண்ட பலகை கடலின் மேல் நீண்டிருக்கும். காற்று வலுக்கும்போது ஆட்கள் அதன் மேல் சென்று அமர்ந்து, தம் உடலின் எடையாலேயே படகைச் சாயாமல் காப்பர். அயல்நாட்டு அறிஞர் ஒருவர் வியந்து பதிவு செய்த இக்காட்சி, நம் புனைகதைகளில் உரிய இடம் பெறாதது வருந்தத்தக்கது.

ஆழமற்ற கடலின் துயரமும் வேறு வகையானது. இங்கே பெரிய பகைவன் புயலன்று. அடித்தரையை வாரிச் செல்லும் இழுவை மடியே. 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையை ஒட்டிய கடலில் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாதென்கிறது. வாரத்தில் 3 நாட்கள் விசைப்படகுகளுக்கு, 4 நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு என்னும் ஏற்பாடும் இங்குண்டு. சட்டமும் ஏற்பாடும் மீறப்படும் இரவில் சிறு படகுக்காரர் இழப்பது அன்றைய பாட்டை மட்டுமன்று. கடன் வாங்கிச் செய்த வலை அறுபடுகிறது. மீன் வளரும் புல் வேரோடு பெயர்கிறது. இதில் இடியும் மின்னலும் இல்லை. ஒரே நாளில் நிகழும் பேரழிவும் இல்லை. ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறையும் பாடு மட்டுமே உண்டு. மெல்லத் தேயும் ஒரு வாழ்வைச் சொல்ல நம் கதைக்கலைக்கு வலுவுண்டா என்பதே நம் முன் உள்ள கேள்வி.

உண்டு என்பதற்கு வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) சான்று. அதன் களமாகிய மணப்பாடு இவ்விரிகுடாவுக்குத் தெற்கே மன்னார் வளைகுடாவில் உள்ளது. ஆயினும் அதில் வரும் வழக்கு இங்கும் பொருந்தும். லாஞ்சுகளுக்கும் வல்லங்களுக்கும் இடையே மூளும் பகையை அந்நாவல் உரத்த குரலில் பேசவில்லை. வல்லத்தைப் பிரிய மனமில்லாத குரூஸ் மிக்கேலின் பிடிவாதத்திலும், மகள் பிலோமியின் அமைதியான துயரத்திலும் ஒரு காலம் முடிவதை நாம் உணர்கிறோம். தொழிற்கருவி ஒன்று கைமாறுவது மனிதரை எப்படிக் குலைக்கிறது என்பதை இத்துணைச் சிக்கனமாகச் சொன்ன தமிழ் நாவல்கள் சிலவே. ஆனால் அந்நாவலும் பெரும்பாலும் கரையிலேயே நிற்கிறது. வீட்டையும் காதலையும் நட்பையும் நெருங்கிக் காணும் அக்கண், வலை விரிக்கும் கையின் அறிவை அதே நெருக்கத்தோடு காணவில்லை. இது அதன் குறை என்பதைவிட, பின்வந்தோர் தொடர வேண்டிய பணி என்பதே பொருந்தும்.

அப்பணியில் நம் மனச்சான்றைத் தொடும் பகுதி ஒன்றுண்டு. போர்க்காலத்தில் கடலுக்குச் செல்லத் தடுக்கப்பட்டிருந்த வட இலங்கை மீனவர், 2009-இல் போர் முடிந்த பின் சிறு படகுகளோடு தம் கடலுக்குத் திரும்பினர். அங்கே அவர்களுடைய வலைகளை அறுத்தவை, நம் கரையிலிருந்து எல்லை தாண்டிச் சென்ற இழுவைப் படகுகளும் ஆகும். 2017-இல் இலங்கை இழுவை மடியைச் சட்டத்தால் தடை செய்தது. நம் மீனவர் சிறைப்படும்போதும் சுடப்படும்போதும் நாம் கண்ணீர் வடிக்கிறோம், அது நியாயமே. அப்படகுகளில் செல்வோரில் பலர் கூலிக்குச் செல்லும் ஏழைகளே என்பதும் உண்மை. ஆயினும், அதே தமிழ் பேசி, கச்சத்தீவில் அதே புனித அந்தோனியார் திருவிழாவுக்கு வந்து நிற்கும் அக்கரை மீனவரின் அறுந்த வலைக்காக எழுதப்பட்ட பக்கங்கள் நம்மிடம் எத்தனை? ஒரு கரையின் துயரை மட்டும் பாடும் இலக்கியம், எத்துணை உருக்கமாக இருப்பினும், பாதி உண்மையையே சொல்கிறது.

ஆகவே, கடல் நாவல் ஒன்றை மதிப்பிடுகையில், அதில் வரும் புயல் எவ்வளவு பெரிது என்று மட்டும் கேளாதிருப்போம். அதில் வரும் மனிதர் தம் கடலின் அடித்தரையை அறிந்திருக்கிறாரா, அவருடைய வலை யாரால் அறுந்தது என்பதை ஆசிரியர் அஞ்சாமல் சொல்கிறாரா, எதிர்க்கரையில் நிற்பவரும் அவர் கண்ணுக்கு மனிதராகத் தெரிகிறாரா எனக் கேட்போம். மார்பளவு நீரில் இறங்கிப் படகைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போகும் அம்மனிதரின் கதை, ஆழ்கடலின் எந்தக் கதைக்கும் குறைந்ததன்று. அதை எழுதும் கரங்கள் அக்கரையிலிருந்தும் இக்கரையிலிருந்தும் எழ வேண்டும்.