போனவர் இடத்தில் ஆடியது யார்?

2024 அக்டோபர் 30 இரவு. யாங்கி ஸ்டேடியத்தில் வேர்ல்ட் சீரிஸின் ஐந்தாவது ஆட்டம், ஐந்தாவது இன்னிங்ஸ். நியூயார்க் யாங்கீஸ் 5–0 என்று முன்னிலையில் இருந்தது. நேராகக் கைக்கு வந்த பந்தை ஆரோன் ஜட்ஜ் நழுவவிட்டார். ஆன்டனி வோல்பி மூன்றாம் பேஸுக்கு எறிந்த பந்து தரையில் குத்தியது. மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது பிட்சர் கெரிட் கோல் அடுத்தடுத்து இருவரை ஸ்ட்ரைக் அவுட் செய்து, ஏறக்குறைய தப்பித்தே விட்டார். அப்போது மூக்கி பெட்ஸ் தட்டிய பந்து சுழன்றுகொண்டே முதல் பேஸ் பக்கம் உருண்டது. ஆன்டனி ரிஸோ அதைப் பிடித்து நிமிர்ந்தார். பேஸில் யாரும் இல்லை. ஓடிப்போய் அங்கே நிற்க வேண்டிய கோல் சில அடி வைத்து நின்றுவிட்டு, முதல் பேஸைக் கையால் காட்டிக்கொண்டிருந்தார். அந்த இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் 5 ரன் எடுத்து சமன் செய்தது. ஆட்டம் 7–6 என்று முடிந்தது, கோப்பையும் கைவிட்டுப் போனது.

அதற்கு ஆறு வாரம்கூட ஆகாத நிலையில் ஹுவான் சோட்டோவும் போனார். 15 ஆண்டுக்கு 76.5 கோடி டாலர் கொடுத்து, அதே ஊரின் இன்னொரு அணியான மெட்ஸ் அவரை அழைத்துக்கொண்டது. அந்தக் குளிர்காலம் முழுக்க நியூயார்க்கில் ஒரே கேள்விதான்: யாங்கீஸ் தேறியதா, தேய்ந்ததா?

இப்போது இரண்டு சீசனின் கணக்கும் கையில் இருக்கிறது. 2024இல் யாங்கீஸ் 94 வெற்றி, 68 தோல்வி. 2025இலும் அதே 94, அதே 68. ‘ஒன்றும் மாறவில்லை’ என்று பலரும் கணக்கை மூடிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வெற்றி எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் அணி வேறாகிவிட்டது. அது எப்படி மாறியது என்று பார்த்தால்தான், இந்தக் குளிர்கால ஒப்பந்தங்களை எப்படி எடைபோடுவது என்பதும் புரியும்.

வழக்கமாக எல்லோரும் போடும் கணக்கு இதுதான்: ஒரு பக்கம் வந்தவர்கள், மறுபக்கம் போனவர்கள், எந்தப் பட்டியலில் பெரிய பெயர் அதிகம் என்று பார்ப்பது. போனவர்களில் சோட்டோ, கிளேபர் டோரஸ், கிளே ஹோம்ஸ், அலெக்ஸ் வெர்டூகோ, ரிஸோ. வந்தவர்களில் மேக்ஸ் ஃப்ரீட், கோடி பெலிஞ்சர், டெவின் வில்லியம்ஸ், பால் கோல்ட்ஷ்மிட். இந்தத் தராசில் சோட்டோ ஒருவரே மற்ற எல்லோரையும் தூக்கி அடித்துவிடுவார். 2024இல் 41 ஹோம் ரன், 109 ரன் அடித்துக் கொடுத்தவர், நூறு முறை மட்டை பிடித்தால் 42 முறை பேஸ் ஏறியவர். சாதாரண மாற்று ஆட்டக்காரர் ஒருவர் அவர் இடத்தில் ஆடியிருந்தால் கிடைக்காமல் போயிருக்கக்கூடிய வெற்றிகள் எத்தனை என்று கணக்கிடும் முறை ஒன்று உண்டு. அதில் சோட்டோவின் அந்த ஆண்டு மதிப்பு சுமார் 8 வெற்றி. இவ்வளவு பெரிய ஓட்டையை யாரால் அடைக்க முடியும்?

ஒருவரால் முடியாது. ஆனால் அந்த ஓட்டையை அந்த இடத்திலேயே அடைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பேஸ்பாலில் ஒன்பது பேர் வரிசையாக மட்டை பிடிக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் முறை வந்தே தீரும். நட்சத்திரத்துக்குக் கிடைக்கும் அதே வாய்ப்பு ஏறக்குறைய பலவீனமான ஆளுக்கும் கிடைக்கிறது. 2024 யாங்கீஸின் கடைசி வரிசையைப் பாருங்கள். இடது ஃபீல்டில் வெர்டூகோ: சராசரி .233, ஹோம் ரன் 13. முதல் பேஸில் ரிஸோ: .228, ஹோம் ரன் 8. அந்த இரண்டு இடமும், முதல் பேஸ் குறிப்பாக, வழக்கமாக அடித்து நொறுக்குகிறவர்களுக்கு ஒதுக்கப்படுபவை. அங்கே ஆண்டு முழுக்க அணி பட்டினி கிடந்தது. அதனால் நான் கேட்கும் கேள்வி, போனவருக்கு ஈடாக யார் வந்தார் என்பது இல்லை. புதிதாக வந்தவர் எந்த இடத்தில் நிற்கப் போகிறார், போன ஆண்டு அந்த இடத்தில் யார் நின்றார் என்பதுதான்.

அப்படிப் பார்த்தால் பெலிஞ்சர் சோட்டோவுக்கு மாற்று இல்லை, வெர்டூகோவுக்கு மாற்று. 2025இல் 29 ஹோம் ரன், 98 ரன் அடித்துக் கொடுத்தார். அவுட்ஃபீல்டின் மூன்று இடத்திலும் நன்றாகப் பந்து பிடிக்கத் தெரிந்தவர். அவர் மதிப்பு சுமார் 5 வெற்றி, அவர் அமர்ந்த இடத்தில் முன்பு இருந்ததோ ஒன்றுக்கும் குறைவு. முதல் பேஸில் கோல்ட்ஷ்மிட் .274 அடித்தார். 37 வயதில் அவரிடம் பழைய பலம் இல்லை, ஹோம் ரன் 10 மட்டுமே. ஆனாலும் போன ஆண்டைவிட மேல். அவருடன் அந்த இடத்தைப் பகிர்ந்துகொண்ட இளைஞர் பென் ரைஸ் மொத்தமாக 26 ஹோம் ரன் அடித்தார். சோட்டோ விட்டுப்போன எட்டில் பெரும் பகுதி இப்படித் துண்டு துண்டாகத் திரும்பி வந்தது.

இதெல்லாம் முடிந்த பின் போடும் கணக்கு என்று சொல்வீர்கள். ஓரளவு உண்மை. ஆனால் ரிஸோவின் இடமும் வெர்டூகோவின் இடமும் காலி என்பது 2024 டிசம்பரிலேயே எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பிட்சிங் பக்கம் இதைவிடச் சுவாரசியமானது. 8 ஆண்டுக்கு 21.8 கோடி டாலரில் இடக்கை பிட்சர் ஃப்ரீட் வந்தார். மார்ச் மாதத்தில் கோலுக்கு முழங்கையில் டாமி ஜான் அறுவை சிகிச்சை, 2025 முழுக்க ஆட முடியாது என்ற செய்தி வந்தது. உடனே, ஃப்ரீடை வாங்கியும் பயனில்லை, ஓர் அடி முன்னே வைத்து ஓர் அடி பின்னே போனதுதான் மிச்சம் என்று எழுதினார்கள். எனக்கு அது அவசரத் தீர்ப்பாகவே பட்டது. 2024இல் கோல் வீசியது எவ்வளவு? முழங்கை வலியால் ஜூன் நடுப்பகுதி வரை அவர் ஆடவே இல்லை. 17 ஆட்டம், 95 இன்னிங்ஸ், அவ்வளவுதான். அவர் பெயருக்கு உள்ள எடை முழு சீசனுக்கு உரியது. அணி உண்மையில் இழந்தது அரை சீசனை. அந்த இடத்தில் ஃப்ரீட் 195 இன்னிங்ஸ் வீசி 19 வெற்றி, 5 தோல்வி என்று முடித்தார். பெயரை எடைபோட்டால் இழப்பு, இன்னிங்ஸை எடைபோட்டால் லாபம்.

இதே கண்ணோட்டத்தில் டெவின் வில்லியம்ஸ் ஒப்பந்தத்தைப் பார்த்தால் வருத்தம்தான் வருகிறது. மில்வாக்கியில் இருந்தவரை கடைசி இன்னிங்ஸில் அவரை அடிக்க ஆள் இல்லை. அவரை வாங்க யாங்கீஸ் கொடுத்தது நெஸ்டர் கோர்டெஸையும் கேலப் டர்பினையும். ஓர் ஆண்டுக்கு அறுபது சொச்சம் இன்னிங்ஸ் மட்டுமே வீசும் ஒருவருக்காக, முந்தைய ஆண்டு 174 இன்னிங்ஸ் வீசிய கோர்டெஸையும், தினமும் ஆடக்கூடிய இன்ஃபீல்டர் ஒருவரையும் கொடுப்பது எப்போதுமே ஆபத்தான வியாபாரம். வில்லியம்ஸ் ஏப்ரல் முடிவதற்குள் கடைசி இன்னிங்ஸ் பொறுப்பை இழந்தார், சீசனை 4.79 ரன் சராசரியுடன் முடித்தார். டர்பினோ 2025இல் மில்வாக்கியின் மூன்றாம் பேஸில் நிலைத்து ஆடினார். அந்த மூன்றாம் பேஸ் யாங்கீஸில் ஜூலை வரை காலியாகவே கிடந்தது. கடைசியில் கொலராடோவிடமிருந்து ரயன் மெக்மேனை வாங்கி நிரப்ப வேண்டியதாயிற்று. குளிர்காலத்தில் வந்தவரை மட்டும் பார்த்துக் கைதட்டிய நாம், கொடுத்தவரைச் சரியாகக் கவனிக்கவில்லை.

இனி, எந்தப் பட்டியலிலும் வராதவர்கள். ட்ரென்ட் கிரிஷம் 2023 டிசம்பரில் சோட்டோவுடன் அதே பரிமாற்றத்தில் கூடவே வந்தவர். 2024இல் பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தார், சராசரி .190. சோட்டோ போய்விட்டார், கிரிஷம் தங்கிவிட்டார். 2025இல் அவர் அடித்தது 34 ஹோம் ரன். கேம் ஷ்லிட்லர் ஜூலை 9 அன்றுதான் முதல் ஆட்டமே ஆடினார். அக்டோபர் 2 அன்று பாஸ்டனுக்கு எதிரான வாழ்வா சாவா ஆட்டத்தில் 8 இன்னிங்ஸ், 12 ஸ்ட்ரைக் அவுட், ஒரு ‘வாக்’கூட இல்லை. 4–0 வெற்றி. அந்த இரவு அந்த இளைஞர் நின்ற நிதானத்தைப் பார்த்தபோது, குளிர்காலத்தில் நாம் எழுதிய எல்லா அலசலும் எவ்வளவு சிறியது என்று தோன்றியது.

வெற்றி எண்ணிக்கையை விட்டு ரன் கணக்குக்கு வருவோம். 2024இல் எடுத்தது 815, கொடுத்தது 668. 2025இல் எடுத்தது 849, கொடுத்தது 685. 849 என்பது அந்த ஆண்டு லீக்கிலேயே அதிகம். எடுத்த ரன்னையும் கொடுத்த ரன்னையும் வைத்து எத்தனை வெற்றி வந்திருக்க வேண்டும் என்று சொல்ல பில் ஜேம்ஸ் தந்த சூத்திரத்தைப் போட்டால் 2024க்கு 97, 2025க்கு 98. சோட்டோ இல்லாமல், கோல் இல்லாமல், ஜான்கார்லோ ஸ்டான்டன் ஜூன் வரை இல்லாமல், முந்தைய ஆண்டின் சிறந்த புதுமுகம் லூயிஸ் ஹில் ஆகஸ்ட் வரை இல்லாமல் வந்த எண் இது. இந்த அணி தேறியது என்றே நான் சொல்வேன், மயிரிழை அளவுதான் என்றாலும்.

தேறாத இடம் எதுவென்றும் சொல்ல வேண்டும். அந்த அக்டோபர் இரவில் பந்தைத் தவறாக எறிந்த வோல்பி, 2025இல் தோள் காயத்தோடு ஆடி 19 பிழை செய்தார். ஃபீல்டிங் ஓட்டையைக் குளிர்காலம் முழுக்க யாரும் தொடவில்லை. டொரான்டோவும் 94 வெற்றிதான். நேருக்கு நேர் ஆட்டங்களில் முன்னிலை பெற்றதால் டிவிஷன் அவர்களுக்குப் போனது, பிளே ஆஃபிலும் அவர்களே 3–1 என்று யாங்கீஸை வெளியேற்றினார்கள்.

மெட்ஸ் கதை இதற்கு மறுபக்கம். சோட்டோ அங்கே 43 ஹோம் ரன் அடித்தார், 38 முறை பேஸ் திருடினார், கேட்டதைவிட அதிகமே கொடுத்தார். ஆனால் 2024இல் 89 ஆட்டம் வென்ற அணி 2025இல் 83 மட்டுமே வென்று, கடைசி நாளில் மயாமியிடம் 4–0 என்று தோற்று பிளே ஆஃபுக்கே போகவில்லை. தொடக்கப் பிட்சர்கள் வரிசையில் இருந்த பலவீனத்தை வலது ஃபீல்டில் நிற்கும் ஒருவரால் எப்படி நிரப்ப முடியும்?

இப்போது அடுத்த குளிர்காலம். வில்லியம்ஸ் மெட்ஸுக்குப் போய்விட்டார். கிரிஷம் 2.2 கோடி டாலருக்கு ஓர் ஆண்டு யாங்கீஸிலேயே இருக்கச் சம்மதித்திருக்கிறார். சென்டர் ஃபீல்ட் பற்றிக் கவலை இல்லை என்று ரசிகர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் 2025க்கு முன் அவர் ஓர் ஆண்டில் அடித்த அதிகபட்சம் 17. கடந்த சீசனில் அடித்தது அதைப் போல இரண்டு மடங்கு. என் 2026 நோட்டில் அவர் பெயருக்கு எதிரே 22 என்று எழுதி வைத்திருக்கிறேன், மீதி 12 ஹோம் ரன் எந்த இடத்திலிருந்து வரும் என்பதற்கு இதுவரை விடை இல்லை.