பித்தளைக்கும் ஒரு சீசன்

ஆனி பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கத் தொடங்கியதும் தென்காசி வீடுகளில் எல்லாமே கொஞ்சம் நனைந்துதான் இருக்கும். உப்பு கசியும், துணி காயாது, பரணில் கிடக்கும் பித்தளையில் பச்சையாகக் களிம்பு பூக்கும். அப்படி ஒரு சாரல் காலத்தில்தான் எங்கள் வீட்டுப் பித்தளைத் தவலை ஒன்று யாரும் தொடாமலே வெடித்தது. தொழுவத்தை ஒட்டிய அறையில், யூரியா மூட்டைகளுக்குப் பக்கத்தில், இரண்டு மழைக்காலம் அதைக் கவிழ்த்து வைத்திருந்தோம். எடுத்துப் பார்த்தால் கழுத்திலிருந்து வயிறு வரை மயிரிழை மாதிரி ஒரு கீறல். கீழே விழவில்லை, அடிபடவும் இல்லை. ஈயம் பூச வந்தவர் விரலால் சுண்டினார். கணீரென்று வர வேண்டிய ஓசை சப்பென்று வந்தது. "இது ஆகாதுய்யா, உள்ளுக்குள்ள அத்துப் போச்சு" என்று தவலையைத் தள்ளி வைத்துவிட்டார்.

உலோகம் படித்தவர்கள் இந்த நோய்க்கு வைத்திருக்கும் பெயரைக் கேட்டால், சாரல் காலத்தையே 'சீசன்' என்று சொல்லும் குற்றாலத்துக்காரர் எவரும் ஒரு கணம் நின்றுவிடுவார்: 'சீசன் கிராக்கிங்', அதாவது சீசன் விரிசல். அந்தச் சீசனும் நம் நாட்டுப் பருவமழைதான். ஆங்கிலேயர் ஆட்சியில் மழை மாதங்களில் படை நடமாட்டம் குறையும். அப்போது தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால், ஒரு தடவைகூடச் சுடாத தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் விரிசல் விட்டிருந்தன. நெடுங்காலம் காரணம் பிடிபடவில்லை. 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் விளக்கம் தந்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா ஒன்று, மழைக்கால ஈரம் ஒன்று, அச்சில் வைத்து இழுத்து உருவாக்கும்போது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கம் ஒன்று. மூன்றும் கூடும் இடத்தில் உலோகத்தின் மணிகளுக்கு இடையே அரிப்பு நுழைந்து பிளக்கிறது. மூன்றில் ஒன்று இல்லாவிட்டால் பிளவும் இல்லை. எங்கள் தவலைக்கு வந்ததும் அதே நோய்தான் என்று பிறகு புரிந்தது. குதிரை இருந்த இடத்தில் மாடு, கூடவே யூரியா.

சுட்ட தோட்டாவின் கூட்டை எடுத்து மறுபடி மருந்து நிரப்பிப் பயன்படுத்துகிறவர்கள் அந்தக் கூடுகளின் பழுதைக் கண்டறியும் முறையை இந்த விரிசலை முன்னே வைத்துக்கொண்டுதான் எடைபோட விரும்புகிறேன். இது நம் ஊர் வீட்டுத் தொழில் அல்ல. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதற்கான தண்டனை 7 ஆண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள் வரைக்கும் போகலாம். அமெரிக்காவில் இது கொட்டகையில் மேசை போட்டுச் செய்யும் பொழுதுபோக்கு. விளையாட்டுக்காகச் சுடுகிறவர்கள் செலவைக் குறைக்கவும் தங்கள் கைத்துப்பாக்கிக்கு இசைவான தோட்டாவைப் பெறவும் செய்கிறார்கள். நாம் செய்யாத ஒன்றை ஏன் ஆராய வேண்டும்? படிப்பாளிகள் அல்லாத சாதாரண மக்கள் பித்தளையைக் கையில் எடுத்து, அதன் நோயைப் பார்த்துப் படித்து, அதற்கு ஒரு சொற்களஞ்சியமே உண்டாக்கிய வழக்கம் இது. பித்தளையோடு பல தலைமுறை வாழ்ந்த நமக்கு அதில் எடுக்கவும் தள்ளவும் நிறைய உண்டு.

முதலில் அந்தக் கூடு என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு சேர்ந்த பித்தளை அது. சுடும் கணத்தில் விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டி, நெருப்பு பின்னால் வராமல் அடைக்கிறது. அழுத்தம் போனதும் ஒரு மயிரளவு சுருங்கி வெளியே வருகிறது. இந்த விரிவும் சுருக்கமும் சேர்ந்த குணத்துக்காகத்தான் பித்தளையைத் தேர்ந்தார்கள். 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அளவு அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. லாரி டயரில் நாம் அடைக்கும் காற்று சுமார் 100 பவுண்டு. தவலை ஒழுகினால் தரை நனையும். இங்கே கூடு ஒழுகினால் சுடுகிறவரின் கையும் கண்ணும் போகும்.

சுட்ட கூட்டை மறுபடி பயன்படுத்த, விரிந்ததை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் குறுக்க வேண்டும். குண்டு உட்கார வாயைச் சற்று மலர்த்த வேண்டும். உட்கார்ந்த பின் வாயை மீண்டும் இறுக்க வேண்டும். பிறகு சுடும்போது மறுபடி விரியும். ஒரு சுற்றுக்கு வாய்ப்பகுதி நான்கு தடவை அசைகிறது. கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தால் வளைந்த இடம் விறைத்து முறிவதுபோல, கூட்டின் வாயும் விறைத்துப் பிளக்கிறது. கைத்துப்பாக்கிக் கூடுகளில் மிகுதியாகக் காணும் பழுது இந்த வாய்ப்பிளவுதான். நிக்கல் பூசிய கூடுகளில் அது இன்னும் சீக்கிரம் வரும்.

இந்த வழக்கத்தின் பெரிய பலம், கூடு கையில் ஏறும் ஒவ்வொரு தடவையும் அதை ஒருவர் பார்க்கிறார் என்பது. வாய் பிளந்திருக்கிறதா, வயிறு புடைத்திருக்கிறதா, அடியில் பிரைமர் என்ற பற்றவைப்பு உட்காரும் குழி தளர்ந்திருக்கிறதா என்று ஒன்றொன்றாகப் பார்த்துத் தள்ளுகிறார்கள். ஐந்தாறு கூடுகளை உள்ளங்கையில் போட்டுக் குலுக்கி ஓசை கேட்கும் பழக்கமும் உண்டு. நல்ல கூடுகள் மணிபோல் கிணுகிணுக்கும். விரிசல் விட்டது கலந்திருந்தால் ஓசை மட்டமாக விழும். இதைப் படித்தபோது எங்கள் வாசலில் தவலையைச் சுண்டிய விரல்தான் நினைவுக்கு வந்தது. கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காது கண்டுபிடிப்பது உலகெங்கும் பித்தளைக்காரர்களின் பொதுச் சொத்து. ஆலையில் லட்சக்கணக்கில் செய்து ஒரே தடவை சுட்டு எறியும் தோட்டாவுக்கு இந்தப் பரிவு கிடைப்பதில்லை.

இந்த முறை தடுமாறுவது பழுதைக் கண்ட பிறகுதான். மறுநிரப்புகிறவர்கள் கையில் வைத்திருக்கும் அட்டவணைகள் பெரும்பாலும் அறிகுறிக்கு நேரே ஒரு காரணத்தை எழுதி வைக்கின்றன. வாய் பிளந்தால் பல தடவை சுட்டது என்று பொருள். அடி தளர்ந்தால் மருந்து மிஞ்சியது என்று பொருள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும், அதனால்தான் அது ஆபத்து. ஒரே ஒரு தடவை சுட்ட கூட்டின் வாயும் பிளக்கலாம். ஆலையில் மென்மையாக்கியது போதாமல் இருந்திருக்கலாம். வாயை அளவுக்கு மீறி மலர்த்தியிருக்கலாம். அல்லது ஈரமான அறையில் அம்மோனியா கலந்த பாலீஷ் போட்டுத் துடைத்து அடுக்கியிருக்கலாம். முதல் காரணமானால் அந்த ஆலையின் அந்த ஈட்டுக் கூடுகள் அத்தனையும் சந்தேகத்துக்குரியவை. இரண்டாவதானால் குறை அச்சில் இருக்கிறது. மூன்றாவதானால் அந்த அலமாரியில் இருப்பதெல்லாம் போயிற்று. பிளந்த ஒன்றை எறிந்துவிட்டு மீதி ஐந்நூறையும் நிரப்புகிறவர் ஒன்றை மட்டும்தான் கண்டுபிடித்திருக்கிறார். லாயத்துத் தோட்டாக்களை முதலில் பார்த்த படைக்காரர்களும் இப்படித்தான் கூட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். விடை கூட்டில் மட்டும் இல்லை, அது கிடந்த இடத்திலும் இருந்தது.

இதைவிட எனக்கு மனம் ஒப்பாத ஒன்று, பழுதைச் சரிசெய்யும் வேலையே பழுதின் தடயத்தை அழித்துவிடுவது. சில கைத்துப்பாக்கிகளின் அறை கூட்டின் அடிப்பக்கத்தை முழுக்கத் தாங்காது. தாங்காத இடத்தில் பித்தளை புடைக்கும். அந்தப் புடைப்பை அழுத்தி நேராக்க ஓர் அச்சு உண்டு. அதில் தள்ளினால் கூடு புதிதுபோல வரும், அளவுமானி வைத்தாலும் குறை தெரியாது. ஆனால் விரிந்தபோது மெலிந்த சுவர் அழுத்தியதால் தடித்துவிடுமா? வெளியே நேரானது, உள்ளே வலுவிழந்தது அப்படியே நிற்கிறது. அடுத்த தடவை அதைக் கையில் எடுப்பவருக்கு எச்சரிக்கை சொல்ல ஒரு புடைப்புகூட இல்லை. ஓட்டைக் குடத்தைப் பற்றவைத்து மேலே ஈயம் பூசி விற்பதை நம் ஊரில் யாரும் நல்ல வியாபாரம் என்று சொல்லமாட்டார்கள். புடைத்ததை எறிந்துவிடு என்று சொல்லும் மறுநிரப்பாளர்களும் இருக்கிறார்கள். நான் அவர்கள் பக்கம்.

நம்முடைய பாத்திர அறிவை அப்படியே அங்கே கொண்டுபோவதும் தவறு. பாத்திரம் செய்கிறவர் தட்டத் தட்டப் பித்தளை விறைத்தால், முழுப் பாத்திரத்தையும் உலையில் காய்ச்சி இளக்கி மறுபடி தட்டுவார். பாத்திரத்துக்கு அது நல்ல மருத்துவம். தோட்டாக் கூட்டில் அப்படிச் செய்தால் கொலை. கூட்டின் வாய் இளகியிருக்க வேண்டும், அடி விறைத்தே இருக்க வேண்டும், ஏனென்றால் முழு அழுத்தத்தையும் பின்னால் தாங்குவது அடிதான். ஒரே துண்டு பித்தளையில் இரண்டு குணம். முழுக் கூட்டையும் காய்ச்சினால் வாய்ப்பிளவு நிற்கும், அடி களிமண்ணாகிவிடும். அளவுமானிக்கும் இது தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. வாயின் நோய்க்குக் கொடுத்த மருந்து அடியைக் கொல்லும் என்பதை எந்த அறிகுறிப் பட்டியலும் தன்னளவில் சொல்லாது. கூடு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவருக்கே அது தெரியும்.

ஈயம் பூசும் வேலையிலும் இப்படி ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. பாத்திரத்தில் தூவும் நவச்சாரம் அம்மோனியம் குளோரைடு. சூட்டில் அது அம்மோனியாவைத்தான் விடுகிறது. பித்தளையின் எதிரியையே மேலே தூவுகிறோம். ஆனால் வெள்ளீயம் உருகுவது 232 டிகிரி செல்சியஸில். பித்தளையின் உள்ளிறுக்கத்தைத் தளர்த்த உலோகத் தொழிலில் கொடுக்கும் சூடு 250 முதல் 300 டிகிரி வரை. இரண்டும் ஏறக்குறைய ஒரே எல்லை. ஆண்டுக்கொரு தடவை ஈயம் பூசக் காய்ச்சிய பாத்திரத்தில் அந்த இறுக்கம் கொஞ்சமாவது தணிந்திருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் தவலைக்குப் பல வருடம் ஈயமே பூசவில்லை.

சுத்தம் செய்வதில் இரு தரப்பும் ஒன்றே. அங்கே எலுமிச்சை அமிலக் கரைசல், இங்கே புளி. இரண்டும் களிம்பை அறுக்கும். அதிக நேரம் ஊறினால் இரண்டிலும் பித்தளை இளஞ்சிவப்பாகும். மேலோட்டமாகச் செம்பு படிந்ததால் வரும் சிவப்பு பெரிய கேடு அல்ல. துத்தநாகம் உள்ளே வரை கரைந்து போனதால் வரும் சிவப்பு, உலோகம் கடற்பஞ்சாகிவிட்டதன் அடையாளம். கண்ணுக்கு இரண்டும் ஒரே நிறம்தான். அது எவ்வளவு நேரம் எதில் ஊறியது என்று தெரிந்தால்தான் எது என்று சொல்ல முடியும்.

கூட்டின் வரலாறு தொலைவதற்குத் துப்பாக்கியின் அமைப்பும் காரணம். ரிவால்வரில் சுட்ட கூடுகள் உருளைக்குள்ளேயே இருக்கும், கொட்டி எண்ணி டப்பாவில் போடலாம். தானியங்கிக் கைத்துப்பாக்கி சுட்ட கூட்டைத் தானே வெளியே எறியும். எங்கள் பகுதியின் நினைவில் நிற்கும் கைத்துப்பாக்கி அப்படிப்பட்டதுதான். செங்கோட்டை வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் தானியங்கியால். சுடும் மைதானங்களில் இப்படித் தெறித்த கூடுகள் எல்லார் துப்பாக்கியிலிருந்தும் ஒரே தரையில் கலந்து கிடக்கும். அவற்றைப் பொறுக்கி நிரப்புவதில் சிக்கனம் உண்டு, கூட்டின் வயது மட்டும் யாருக்கும் தெரியாது. பழைய கூடு எனில் அதில் பாதரசம் கலந்த பற்றவைப்பு இருந்திருக்கலாம். பாதரசம் பித்தளைக்குள் இறங்கினால் அது கண்ணாடிபோல் நொறுங்கும். இந்தக் கலப்புக்கூடுகளின் மேல் எந்த அட்டவணையை வைத்தாலும் அது ஊகம்தான்.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்கள் சிலருக்கு இது வேறு விதத்தில் வீட்டு விஷயம். தேர்தல் வந்தால் துப்பாக்கி காவல் நிலையத்துக்குப் போகும், திரும்பி வரும். தோட்டாக்கள் தோல் வாரில் செருகியபடியே வருடக்கணக்கில் பீரோவில் கிடக்கும். தோல் பதனிட்ட அமிலம் ஈரத்தில் பித்தளையோடு சேர்ந்தால் வாருக்குள்ளேயே பச்சைக் களிம்பு கட்டும். அதைச் சுரண்டிவிட்டுப் பயன்படுத்தலாமா என்பது அவர்கள் கேட்கும் கேள்வி. களிம்பு எதனால் வந்தது, எத்தனை சீசன் அப்படிக் கிடந்தது என்பதல்லவா முதலில் கேட்க வேண்டியது? தோலிலிருந்து எடுத்து, தொழுவத்துக்கும் உர மூட்டைக்கும் எட்டத்தில், காய்ந்த டப்பாவில் வைத்திருந்தால் அந்தக் கேள்வியே எழாது.

நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரம் வாங்கினால் உளியால் பெயர் வெட்டி வைப்போம். யார் கொடுத்தது, எந்தக் கல்யாணத்துக்கு, எந்தத் தேதி என்று கழுத்தில் புள்ளி புள்ளியாக எழுத்து ஓடும். தோட்டாக் கூட்டின் அடியிலும் அப்படி எழுத்து உண்டு. படைத் தோட்டாவில் ஆலையின் குறியும் ஆண்டும் இருக்கும். புனேக்குப் பக்கத்துக் கிர்க்கி ஆலைத் தோட்டா என்றால் 'கே.எஃப்.' என்ற இரண்டெழுத்து. ஆனால் எத்தனை தடவை சுடப்பட்டது, எங்கே வைக்கப்பட்டது என்பதற்கு அங்கே இடம் இல்லை. கவனமான மறுநிரப்பாளர்கள் ஒரே ஈட்டுக் கூடுகளை ஒரு டப்பாவில் பிரிக்காமல் வைத்து, மூடியில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கோடு போட்டுக்கொள்கிறார்கள். வெடித்த தவலையை நாங்கள் எடைக்குப் போட்ட அன்று அதன் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஆச்சியின் பெயரும் கல்யாணத் தேதியும் தெளிவாக இருந்தன. விரிசல் அந்த எழுத்துகளுக்கு நடுவே ஓடியிருந்தது.