சிறைச் சாளரத்தில் இருவர்

மத்தியதரைக் கடலின் நடுவே, சிசிலிக்குத் தெற்கே அமைந்துள்ளது மால்டா. அதன் தீவுகள் அனைத்தையும் சேர்த்தாலும் பரப்பு 316 சதுர கிலோமீட்டர்தான். இச்சிறு நிலத்தில் காணத்தக்கவையோ ஏராளம். சுற்றுலாக் கையேடுகள் அவற்றை எண்ணிட்டு வரிசைப்படுத்தி, மூன்று நாளில் கண்டு முடிக்க வழி சொல்கின்றன. கோசோ தீவில், எகிப்தின் பிரமிடுகளுக்கும் முற்பட்ட ஜிகான்டியா கோயில்கள். 1902-இல் கண்டுபிடிக்கப்பட்ட, பாறையைக் குடைந்து அமைத்த நிலத்தடிக் கல்லறைக்கூடம். மதில் சூழ்ந்த பழந்தலைநகர் எம்தினா. 1942 ஏப்ரல் 9 அன்று இறைமக்கள் கூடியிருந்தபோது குவிமாடத்தைத் துளைத்து விழுந்த குண்டு வெடிக்காமற்போன மொஸ்தா ஆலயம். இவற்றுள் எதனையும் குறைத்து மதிப்பிட நாம் துணியோம். ஆயினும், வரிசையில் ஒவ்வொன்றாகக் கோடிட்டு, 'பார்த்தாயிற்று' என்று அடுத்ததற்கு விரையும் பார்வை எத்தகைய பார்வை என்னும் வினா எழாமல் இல்லை.

தமிழில் 'காட்சி' என்னும் சொல் இரு பொருள் தரும். கண்ணுக்கு விருந்தாவது காட்சி. உண்மையை அறிவதற்குரிய அளவைகளுள் முதலாவதாக நம் முன்னோர் வைத்ததும் காட்சியே. முதற்பொருளில் மட்டுமே நாம் ஊர்களைச் சுற்றிப் பார்க்கிறோம். சில வேளைகளில் பொருளைச் சுற்றியே வந்துவிட்டு, பொருளைப் பாராமல் திரும்புகிறோம். இவ்விரு காட்சிகளுக்கும் இடையிலுள்ள தொலைவை உணர்த்தும் ஓவியம் ஒன்று, அத்தீவின் தலைநகர் வல்லெட்டாவிலேயே இருக்கிறது. அதனை ஆய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வல்லெட்டாவின் புனித யோவான் இணைப் பேராலயம் 1570-களில் ஜிரோலமோ கசார் என்னும் கட்டடக் கலைஞரால் எழுப்பப்பட்டது. 1530 முதல் 1798 வரை மால்டாவை ஆண்ட புனித யோவான் சபை வீரர்களின் ஆலயம் அது. வெளித்தோற்றம் கோட்டை போல் எளிமையானது. உள்ளே சென்றால் எங்கும் பொன்னொளி. மேல்வளைவு முழுவதும் மத்தியா பிரேத்தி தீட்டிய திருமுழுக்கு யோவானின் வாழ்க்கை. தரையில் ஏறத்தாழ நானூறு பளிங்குக் கல்லறைப் பலகைகள். அண்ணாந்து வியந்தவாறே இறந்தோர்மேல் நடந்துபோகிறோம். அங்கிருந்து பக்கத்துச் செப மண்டபத்துக்குள் நுழைந்தால், எதிர்ச் சுவரை நிறைத்து நிற்கிறது கரவாஜ்ஜோவின் ஓவியம்: 'திருமுழுக்கு யோவானின் தலை வெட்டப்படுதல்', 1608.

ஏறத்தாழ பன்னிரண்டு அடி உயரமும் பதினேழு அடி அகலமும் கொண்ட இவ்வோவியமே கரவாஜ்ஜோ தீட்டியவற்றுள் மிகப் பெரியது. பொன்மயமான பேராலயத்திலிருந்து வருவோரின் கண்களுக்கு முதலில் இது இருளாகவே தெரியும். மாற்கு நற்செய்தி விவரிக்கும் விருந்து இதில் இல்லை. ஏரோதும் இல்லை, நடனமும் இல்லை. ஒரு சிறைமுற்றம் மட்டுமே உள்ளது. யோவான் தரையில் குப்புறக் கிடக்கிறார். கைகள் பின்னால் கட்டப்பட்டுள்ளன. வாள் தன் வேலையை முழுதும் முடிக்கவில்லை. எனவே கொலைஞன் ஒரு கையால் அவரது தலைமுடியைப் பற்றிக்கொண்டு, மறு கையால் முதுகுப்புறம் செருகியுள்ள குறுவாளை உருவுகிறான். இடையில் சாவிகள் தொங்க நிற்கும் சிறை அதிகாரி, தலையை எங்கே வைக்க வேண்டுமென்று விரலால் தட்டைச் சுட்டுகிறான். இளம்பெண் ஒருத்தி அத்தட்டை ஏந்திக் குனிகிறாள். முதியவள் ஒருத்தி மட்டும் இரு கைகளாலும் தன் தலையைப் பற்றிக்கொள்கிறாள்.

மறைசாட்சியரின் சாவை வரையும் ஓவியர் பலர் வானத்தைத் திறந்து வைப்பர். தூதர்கள் வாகைக் கிளையோடு இறங்குவர். இங்கே வானமே இல்லை. புனிதரின் தலையைச் சுற்றி ஒளிவட்டமும் இல்லை. கொல்வோரின் முகங்களில் வெறியுமில்லை, பகையுமில்லை. அன்றாடப் பணியை முடிக்கும் அலுவலரின் கவனமே அவற்றில் தெரிகிறது. தீமையின் இயல்பை இதைவிடக் கூர்மையாகக் காட்டிய ஓவியங்கள் அரியவை என்பது நம் கருத்து. தீமைக்கு எப்போதும் சினந்த முகம் தேவைப்படுவதில்லை. ஆணையிட ஒருவர், வெட்ட ஒருவர், தட்டேந்த ஒருவர் எனப் பணிகள் பங்கிடப்பட்டால் போதும்.

ஓவியத்தின் அமைப்பு இன்னும் வியப்புக்குரியது. மாந்தர் ஐவரும் இடப்பக்கத்தில் நெருங்கியுள்ளனர். வலப்பக்கம் ஏறக்குறைய வெறுஞ்சுவர். அச்சுவரில் கம்பியிட்ட சாளரம் ஒன்று. அதன் ஊடே இரு கைதிகள் கழுத்தை நீட்டிப் பார்க்கின்றனர். இவ்வெறுமையை ஓவியத்தின் குறையாகக் கருதுவோரும் இருக்கலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. இடப்பக்கத்தில் நிகழ்வது கொலை. வலப்பக்கத்தில் நிகழ்வது பார்த்தல். பார்த்தலுக்கும் கொலைக்கு நிகரான இடத்தை ஓவியர் ஒதுக்கியிருக்கிறார். அக்கைதிகள் வேடிக்கை பார்ப்போர்; ஒரு வகையில் அவர்களே அம்மண்டபத்தின் முதல் சுற்றுலாப் பயணிகள். ஓவியத்தைக் காண வந்த நாம், ஓவியத்திற்குள் நம்மையே காண்கிறோம்.

ஆயினும் இவ்வொப்புமையை ஒரு கட்டத்துக்குமேல் நீட்ட இயலாது. கைதிகள் காண்பது நாளை தமக்கே நேரக்கூடியது. மேலும், அவர்கள் விரும்பினாலும் உதவ முடியாது, கம்பிகள் தடுக்கின்றன. நம் முன்னே கம்பிகள் இல்லை. அவர்களைக் காட்டிலும் நம் நிலையே கடினமானது. முதியவளோ எவ்விதத் தடையும் இன்றி அருகே நிற்கிறாள், துயருறுகிறாள், ஆனால் அவளும் கைநீட்டித் தடுக்கவில்லை. அழுகை மட்டும் போதுமா என்னும் வினாவை ஓவியர் விடையின்றியே விட்டுவிட்டார்.

இவ்வினாவை எழுப்ப கரவாஜ்ஜோவுக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். 1606-இல் ரோமையில் ஒருவரைக் கொன்று, மரண தண்டனை விதிக்கப்பட்டுத் தப்பியோடியவர் அவர். 1607-இல் மால்டா வந்தார். 1608 ஜூலையில் சபை வீரராக ஏற்கப்பட்டார். சில வாரங்களில் மீண்டும் ஒரு கைகலப்பு, சிறை, சிறையிலிருந்து சிசிலிக்கு ஓட்டம். 1608 டிசம்பர் 1 அன்று, அவர் இல்லாமலேயே, அழுகிய உறுப்பென அவரைச் சபையிலிருந்து வெட்டியெறிந்தனர். அத்தீர்ப்பு வழங்கப்பட்ட இடம், அவரது ஓவியம் நின்ற அதே மண்டபம். 1610-இல் அவர் இறந்தார்.

அவர் கையெழுத்திட்ட ஓவியம் இது ஒன்றுதான். யோவானின் கழுத்திலிருந்து வழிந்த குருதியே அவருக்கு மையாயிற்று. அக்குருதியிலிருந்து நீளும் எழுத்துகளில் தம் பெயரான மிக்கேலாஞ்சலோ என்பதைச் சுருக்கி எழுதி, முன்னே 'சகோதரர்' என்பதைக் குறிக்கும் ஓர் எழுத்தையும் சேர்த்தார். சபையில் சேர்ந்த பெருமிதம் என்று இதனைக் கொள்வோர் உளர். அது தவறன்று. எனினும் கொலை செய்த கை, கொல்லப்பட்டவரின் குருதியில் தன் பெயரை எழுதும்போது, அதில் ஒரு பாவ அறிக்கையின் சாயலும் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. தகுதி என்பது இதுவே: அவர் சாளரத்திற்கு அப்பால் நின்று தீட்டவில்லை.

மால்டாவுக்குப் பார்த்தலைப் பற்றிய வேறொரு நினைவும் உண்டு. நம் பாட்டனார் சின்னப்பர் என்றழைத்த திருத்தூதர் பவுல் சென்ற கப்பல், 276 பேருடன் அத்தீவின் கரையில் உடைந்ததைத் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. கரையேறியவர்களைத் தீவினர் கண்டனர். மழையும் குளிருமாக இருந்ததால் தீ மூட்டி அவர்களை வரவேற்றனர். கண்டதற்கும் தீ மூட்டியதற்கும் இடையே அவர்கள் தயங்கியதாக அந்நூல் சொல்லவில்லை. இந்நூற்றாண்டிலும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து உடைந்த படகுகளில் மக்கள் அக்கடலைக் கடக்கின்றனர். பலர் கரை சேர்வதில்லை. 2022 ஏப்ரலில் மால்டா சென்ற திருத்தந்தை பிரான்சிஸ், பவுலின் குகையில் செபித்த அதே நாளில் அங்குள்ள புலம்பெயர்ந்தோரையும் சந்தித்தார். அத்தீவில் காண வேண்டியவை எவை என்பதற்கு அவர் வகுத்த பட்டியல் அது எனலாம்.

சுற்றுலா செல்வோரை நாம் பழிக்கவில்லை. கடலும் கல்லும் கலையும் இறைவனின் கொடைகளே. ஆனால் மால்டாவுக்குச் செல்லும் வாய்ப்புப் பெறுவோருக்கு ஒன்று சொல்வோம்: பட்டியலில் இரண்டு மூன்று இடங்கள் எஞ்சினாலும் எஞ்சட்டும், அம்மண்டபத்தில் கால்மணி நேரம் அமர்ந்திருங்கள். செல்ல இயலாத நமக்கும் இழப்பில்லை. அச்சாளரம் நம் தெருவிலும் உண்டு. அதன் வழியே நாள்தோறும் பார்க்கிறோம். பார்த்தபின் எழுந்து சென்று தீ மூட்டுகிறோமா என்பதுதான் அவ்வோவியம் நானூறு ஆண்டுகளாக நம்மிடம் கேட்டுக்கொண்டிருக்கும் வினா.